கெட்ட செய்தியைக் கேட்கும் முகம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணியிட மன நலம் குறித்துத் தங்கள் நாளிதழ் அக்கறையோடு எழுதி வருவதால், முப்பது ஆண்டுகளுக்கு மேல் அலுவலகங்களில் பணியாற்றி, அதில் பாதிக் காலம் பிறரை மேற்பார்வையிட்டவன் என்ற முறையில், நெடுநாளாக என் மனத்தில் இருக்கும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். தவறு நடந்துவிட்டது என்று கீழ்நிலை ஊழியர் ஒருவர் வந்து சொல்லும்போது மேலதிகாரியின் முகம் எப்படி மாறுகிறதோ, அதை வைத்தே அந்த அலுவலகத்தில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

நான் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில், மாதக் கணக்கு முடிக்கும் நாளொன்றில், கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இளம்பெண் ஒருவர், தாம் அனுப்பிய தொகையில் ஒரு பூஜ்யம் கூடிவிட்டதைக் கண்டுபிடித்தார். அச்செடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு மேலாளர் அறை வாசலில் வெகுநேரம் நின்றார். உள்ளே வேறொருவர் திட்டு வாங்கிக்கொண்டிருந்த சத்தம் வெளியே கேட்டது. தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு இருக்கைக்குத் திரும்பிவிட்டார். அன்றே சொல்லியிருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் சரியாகியிருக்கும். மூன்று வாரம் கழித்துத் தணிக்கையில் அது வெளிப்பட்டபோது, பணத்தைத் திரும்பப் பெற மாதக்கணக்கானது. "ஏன் உடனே சொல்லவில்லை?" என்று விசாரணையில் அவரைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்த வாசலில் அவர் காதில் விழுந்தது என்ன என்று எவரும் கேட்கவில்லை. அடுத்த மேசையில் இருந்த நானும் வாய் திறக்கவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

இத்தகைய தயக்கம் உயிரையும் பறிக்கும். 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் விமான நிலையத்தில், மூடுபனியினூடே இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தனர். புறப்பட ஓடத் தொடங்கியிருந்த விமானத்தின் பொறியாளர், எதிரே இருக்கும் விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று ஐயத்தோடு கேட்டார். நிறுவனத்தின் மிக மூத்த விமானிகளில் ஒருவரான தலைமை விமானி விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொல்லவே, அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. இத்தகைய விபத்துகளிலிருந்து பாடம் கற்ற விமானத் துறை, 1979-இல் நாசா கூட்டிய பயிலரங்கைத் தொடர்ந்து, இளையவர் தயங்காமல் எச்சரிக்கவும் மூத்தவர் அதைக் காதுகொடுத்துக் கேட்கவும் முறையாகப் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. காதுகொடுத்துக் கேட்பதை அவரவர் சுபாவம் என்று விட்டுவிடாமல், கற்றுத் தேற வேண்டிய தொழில்திறனாக அத்துறை ஏற்றுக்கொண்டதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

மருத்துவமனைகளில் மருந்து வழங்கும்போது நேரும் தவறுகளை 1990-களில் ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களிலேயே கூடுதல் தவறுகள் பதிவாகியிருப்பதைக் கண்டு முதலில் வியந்தார். அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் தவறுகளை மறைக்காமல் பேசினார்கள் என்பதே அதற்குக் காரணமாகப் பின்னர் தெரியவந்தது. தம் பிரிவில் புகாரே இல்லை என்று பெருமைப்படும் அதிகாரிகளைக் காணும்போது எனக்குக் கவலைதான் வருகிறது.

2019-இல் உலக சுகாதார நிறுவனம், சமாளிக்கப்படாத நீண்டகாலப் பணி அழுத்தத்தால் வரும் சோர்வு நிலைக்கு மூன்று அடையாளங்களைக் குறிப்பிட்டது: உடலும் மனமும் ஓய்ந்துபோதல், வேலையின்மீது வெறுப்பும் விலகலும் ஏற்படுதல், செயல்திறன் குறைதல். மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகெங்கும் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்கள் வீணாவதாகவும் அதே நிறுவனம் கணக்கிட்டுள்ளது. தியான வகுப்பையோ ஆலோசனைத் தொலைபேசி எண்ணையோ நான் குறை சொல்லவில்லை. ஆனால், வேலைப்பளு தாங்கவில்லை என்று சொல்ல அஞ்சுகிறவருக்கு மாலை நேரத் தியானம் எவ்வளவுதான் கைகொடுக்கும்? மேலாளர்களுக்கே பயிற்சி தர வேண்டும் என்று 2022-இல் அந்த நிறுவனம் பரிந்துரைத்தது மிகவும் பொருத்தமானது.

பிற்காலத்தில் வேறோர் அதிகாரியின்கீழ் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. யாராவது தவறைச் சொல்ல வந்தால், அவர் கணினித் திரையிலிருந்து முழுவதுமாகத் திரும்பி, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "உட்காருங்கள். எப்போது தெரிந்தது? இப்போது என்ன செய்யலாம்?" என்று கேட்பார். யார் செய்தது என்ற கேள்வி கடைசியில்தான் வரும்; பல நேரம் வராமலே போகும். மாதாந்திரக் கூட்டத்தைத் தாம் எடுத்த தவறான முடிவு ஒன்றைச் சொல்லியே தொடங்குவார். ஒரு யோசனையை ஏற்க முடியாவிட்டால் மறுநாளுக்குள் இரண்டு வரியில் காரணம் எழுதி அனுப்புவார். இந்தக் கடைசிப் பழக்கத்தையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். அதிகாரியின் கோபத்துக்கு அஞ்சி வாய் மூடுவோரைவிட, சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை என்று அலுத்துப்போய் வாய் மூடுவோரையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். அவரிடமும் குறைகள் இருந்தன. ஆயினும், நம்பிப் பேசிய ஒரு சொல்லைக்கூட அவர் ஆண்டு மதிப்பீட்டில் யார்மீதும் திருப்பிவிட்டதில்லை.

தலைமைப் பண்பு பற்றித் தலைவர்களே பேசுவதை நாம் நிறையப் படிக்கிறோம். தவறைச் சொல்லப் போன நாளில் தமக்கு என்ன நேர்ந்தது என்பதை இளநிலை ஊழியர்களிடமிருந்து பெயர் வெளியிடாமல் பெற்று, தங்கள் நாளிதழ் வாரம் ஒன்றாவது வெளியிட வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற பிரிவு மேற்பார்வையாளர் ஒருவர்