பாசி அக்காவுக்கும் அன்றைக்குக் கரையில் நின்ற எல்லோருக்கும்

வலையில் மாட்டிக் கரை ஒதுங்கிய கடல்பசு நல்லபடியாகக் கடலுக்குத் திரும்பிப் போய்விட்டது. என்ன நடந்தது என்று ராமநாதபுரம் கரையில் மண்டபத்திலிருந்து தொண்டி வரை எல்லோருக்கும் தெரியும், அதை மறுபடி விளக்கப் போவதில்லை. தோள்பட்டை இன்னும் வலிக்கிறது, தூக்கமும் சரியாக வரவில்லை. ஆனாலும் இப்போதே நன்றி சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது.

முனகாமல் தன் வலையை அறுக்கக் கத்தி எடுத்துக் கொடுத்த படகுக்காரர், வத்தைப் படகோடு வந்த அண்ணன்மார், போன் போட்டதும் ஓடிவந்த வனத்துறை ஊழியர்கள், கால்நடை மருத்துவர், கடலோரக் காவல் குழுமத்தார், கூட்டத்தைத் தள்ளி நிறுத்திய பிள்ளைகள், கணக்குப் பார்க்காமல் டீ கொடுத்த கடைக்காரர், எல்லோருக்கும் நன்றி. செல்ஃபிக்காக அதன் மேல் ஏறப் பார்த்தவர்களுக்குக் கிடையாது.

இந்த மடல் முக்கியமாக, கடல்பாசி எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த அந்த அக்காவுக்கு. பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் பாசி அக்கா.

நாங்கள் எல்லோரும் உடம்பில் தண்ணீர் ஊற்றுவதிலேயே குறியாக இருந்தோம். அவர் நேராகத் தலைமாட்டுக்குப் போனார். "எல்லாரும் வாலுப் பக்கமே நிக்கிறீக, மூக்குல மண்ணு ஏறுது பாருங்க தம்பி" என்றார். கடல்பசு மீன் இல்லை, நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி. சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். வலையில் மாட்டினால் மூச்சுமுட்டித்தான் சாகும். மூக்குத் துவாரம் இரண்டும் மூஞ்சிக்கு மேலே இருக்கும், மூச்சு விடும்போது திறந்து உடனே மூடிக்கொள்ளும். ஒவ்வொரு அலைக்கும் அங்கே மணல் சேர்ந்துகொண்டிருந்தது.

பாசிக்குப் போகிற பெண்கள் பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றியிருப்பார்கள். அக்கா அந்தத் துணியை ஒவ்வொரு விரலாக அவிழ்த்தார். அலசிப் பிழிந்து, துவாரம் மூடியிருக்கும் நேரம் பார்த்து மணலைத் துடைத்தார். அது மூச்சு விட்டால் கையை எடுத்துக்கொள்வார், அப்புறம் மறுபடி துடைப்பார். சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையையும் கழற்றி நனைத்து அதன் முதுகில் போட்டார். துணி இல்லாத விரல்களைப் பார்த்தேன். ஊறி வெளுத்துப்போய், பழைய கீறல் மேல் புதுக் கீறல். உப்புத் தண்ணீர் எப்படி எரிந்திருக்கும்! "வயித்துல என்ன வச்சிருக்கோ" என்று மட்டும் ஒருதரம் சொன்னார். எல்லோரும் சேர்ந்து ஆழத்துக்குத் தள்ளும்வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவருடைய பாசி மூட்டை கரையில் கிடந்தது, வியாபாரி வண்டி வந்துவிட்டுப் போய்விட்டது.

யோசித்துப் பார்த்தால் அவர் ஒதுங்கிப் போயிருக்கலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்கா ஆனபின், தலைமுறையாகப் பாசி எடுத்த இடத்துக்கே இவர்கள் பயந்து பயந்து போக வேண்டியிருக்கிறது. 'கடலைக் காப்பாத்துறோம்' என்ற பேச்சைக் கேட்டாலே முகம் சுளிக்க அவர்களுக்கு நியாயம் உண்டு. இத்தனைக்கும் மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று தாங்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்ட பெண்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள்.

சட்டத்தில் புலியும் கடல்பசுவும் ஒரே வரிசைதான், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை. புலிக்காவது காட்டுக்குள் கண்காணிப்புக் கோபுரமும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் உண்டு. கடலில் கோபுரம் கட்ட முடியுமா? ஒரு காலத்தில் கறிக்காகவே இதைப் பிடித்த கரை இது. இந்தியக் கடல் முழுக்கத் தேடினாலும் இப்போது சில நூறுதான் மிச்சம், ஒரு தாய் மூன்று முதல் ஏழு வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும். 2022இல் அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் கடல்பசுக் காப்பகமும் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில்தான் இருக்கிறது. நம் பக்கம் வலை போடுகிறவரும் பாசி எடுக்கிறவரும்தான் இதற்கு முதல் காவல். அவர்களைப் பகைத்துக்கொண்டு எதைக் காப்பாற்றப் போகிறோம்?

வீணான பாசிக்குப் பணம் கொடுக்கப் போனேன். அக்கா வாங்கவில்லை. "கலெக்டர் ஆபீசுல மீனவர் கூட்டம் போடுறாகல்ல, அங்க வந்து எங்களுக்காக ரெண்டு வார்த்தை பேசு" என்றார்.

சரி அக்கா, வருகிறேன். மனு எழுதுவதும் என் பொறுப்பு. உங்கள் சட்டை அலையோடு போய்விட்டது, புதுசு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதையாவது வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.