பரந்தனில் இருக்கும் தம்பிக்கு

தம்பி,

மூன்று நாளாக நீ போன் எடுக்கவில்லை. ஆனால் நான் இங்கே எழுதுவதை ஒன்றுவிடாமல் வாசிக்கிறாய் என்று மச்சான் சொன்னான். அதுதான் இங்கேயே எழுதுகிறேன். உன் பெயரும் போடவில்லை, உன் மனைவி பெயரும் போடவில்லை.

அவள் போட்ட தாபரிப்பு (பிள்ளைச் செலவுக் காசு) வழக்குக்கு முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்த அன்று நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "முதல்ல பிள்ளையைக் காட்டட்டும், பிறகு காசு கட்டுறன்." யார் சொல்லியிருந்தாலும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். நீ சொன்னதுதான் தாங்கவில்லை. என்னை விட்டுவிட்டு வவுனியாவில் இருந்துகொண்டு என் புருசன், உன் அத்தானும் இதையேதான் சொன்னார். அன்றைக்கு அவரை வாய்க்கு வந்தபடி திட்டியவன் நீ.

ஞாபகம் இருக்கிறதா? 2009 கடைசிச் சண்டையில் மாத்தளனோடு எல்லாம் போய்விட்டது. கலியாணச் சான்றிதழும் இல்லை, மகனின் பிறப்புச் சான்றிதழும் இல்லை. கடுதாசி இல்லாமல் எப்படி வழக்குப் போடுவது என்று நான்கு வருடம் சும்மா இருந்தேன். சட்ட உதவி ஆணைக்குழுவில் இருந்த சட்டத்தரணிப் பிள்ளைதான் சொன்னாள்: சான்றிதழுக்குப் பிரதி எடுக்கலாம் அக்கா, கலியாணமே பதியாவிட்டாலும் பிள்ளைக்குத் தகப்பன் தாபரிப்புக் கொடுக்கத்தான் வேண்டும் என்று. பிரதேச செயலகத்தில் பிரதிக்காக இரண்டு நாள் வரிசையில் நின்றது நீ. தவணைக்குத் தவணை என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனதும் நீதான்.

ஒரு தவணையில் அத்தான் எழும்பி, "ஐயா, மகனைப் பார்க்க விடுறா இல்லை" என்றார். நீதவான் தலைகூட நிமிர்த்தவில்லை. "அது வேற வழக்கு. மாதம் எவ்வளவு உழைக்கிறீர்?" அவ்வளவுதான். நீ பின் வரிசையிலிருந்து சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது.

அந்தக் கேள்விதான் உனக்கும் வரும். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் முக்கியமாகப் பார்ப்பது இரண்டை: பிள்ளைக்கு என்ன தேவை, உன்னிடம் என்ன வசதி. கட்டளை வந்த பிறகு கட்டாமல் விட்டால் பிடியாணை, அதற்குப் பிறகு மறியல், சிறைதான். டிப்பர் ஓட்டம் குறைந்துவிட்டது, முந்தின மாதிரி வருமானம் இல்லை என்றால் அதைச் சொல். கட்டளை வந்த பிறகும் நிலைமை மாறினால் தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். கட்டும் காசைக் கையில் கொடுக்காதே, வங்கியில் போட்டுப் பற்றுச்சீட்டுத் துண்டை வைத்துக்கொள். என்னுடைய துண்டுகள் இன்னும் ஒரு அங்கர் பால்மாப் பைக்குள் கிடக்கின்றன, எலி அரித்தது போக.

பிள்ளை விசயத்துக்கு வருகிறேன். "பிள்ளை தகப்பனுக்குத்தான், சட்டமே அப்படி" என்று யாரோ உனக்கு ஓதியிருக்கிறார்கள். முழுப்பொய் இல்லை. உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியில் தகப்பனுக்கு முன்னுரிமை கொடுத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது நீதிமன்றம் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை. ஆறு வயதுப் பெண்பிள்ளை, தாயோடு இருக்கிறாள், புதுக்குடியிருப்பில் பள்ளிக்கூடம் போகிறாள். அதை அங்கிருந்து பிடுங்க நீ என்ன காரணம் சொல்லப்போகிறாய்? டியூசன் வாசலில் வைத்து ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று உன் கூட்டாளி சொன்னானாம். அவள் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுவோடு மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போவாள். அதோடு, அடுத்தமுறை நீ பார்க்கக் கேட்கும்போது அந்த டியூசன் வாசல்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

பார்க்க வேண்டுமென்றால் பார்க்கக் கேள். விவாகரத்து வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும்போது கட்டுக்காப்பையும், அதாவது பிள்ளை யாரோடு இருப்பது என்பதையும், அங்கேயே தீர்மானிப்பார்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி, யார் கூட்டிக்கொண்டு வருவது என்று எழுதிக் கேள். "அடிக்கடி" என்று கேட்காதே. அந்தச் சொல்லை நம்பி நான் பட்டது போதும்.

விவாகரத்தும் நீ நினைக்கிற மாதிரி இல்லை. ஏழு வருடம் பிரிந்திருந்தால் தானாக முறிந்துவிடும் என்று தேத்தண்ணிக்கடையில் சொல்வார்கள். முறியாது, வழக்குப் போட்டே ஆக வேண்டும். இரண்டு பேரும் சம்மதம் என்று கையெழுத்து வைத்தாலும் போதாது. நம் 1907ஆம் ஆண்டுக் கலியாணச் சட்டத்தில் காரணம் மூன்றுதான்: வேறு ஆளோடு உறவு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போவது, கலியாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. ஒத்துவரவில்லை என்பது காரணமே இல்லை. அதனால்தான் நல்லபடியாகப் பிரிய நினைக்கிறவர்கள்கூட நீதிமன்றத்தில் ஒருவரை ஒருவர் குற்றவாளியாக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சட்டத்தின் மேல் எனக்கு நிறையக் கோபம் உண்டு. அது இன்னொரு நாளைக்கு.

சீதனக் காணிக்குக் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று நிற்கிறாயாம். அது அவளுடைய தகப்பன் கொடுத்த காணி. நம் வடக்குத் தமிழருக்கான தேசவழமைச் சட்டத்தின்படி அதை விற்கவோ ஈடு வைக்கவோ அவளுக்கு உன் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பது உண்மைதான். 1911இல் எழுதினது, இன்னும் இருக்கிறது. ஆனால் பிரிந்து வாழ்கிறவளுக்கும், புருசன் காரணமில்லாமல் சம்மதத்தைத் தடுக்கிறவளுக்கும் மாவட்ட நீதிமன்றம் அந்த அனுமதியைக் கொடுக்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. பிறகு எதற்குப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்?

சரி, கடைசி விசயம். போன ஞாயிறு புதுக்குடியிருப்புக்குப் போயிருந்தேன். அவள் என்னை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தாள், உன்னைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. பிள்ளைக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. நீ வாங்கிக்கொடுத்த சிவப்புச் சைக்கிள் சுவரில் சாத்திக் கிடக்கிறது, பின் ரயர் காற்றில்லாமல். "அப்பா வந்து ஒட்டுவார்" என்று யாரையும் தொட விடுகிறாளில்லை.

தவணைக்கு முல்லைத்தீவு பஸ்ஸில் வா. தருமபுரத்தில் நானும் ஏறுகிறேன். வருகிற வழியில் பரந்தனில் ஒரு ரியூப் வாங்கு. பதினாறு இஞ்சி.

அக்கா