காலை ஐந்தரைப் பிள்ளையார்

உ
சிவமயம்

கோட்டையூர்,
புரட்டாசி 3

அன்புள்ள அப்புவுக்கு,

ஆத்தா எழுதிக்கொள்வது. இங்கு நலம். அங்கு நீ, மருமகளாய் வந்த மகமிண்டி, பேரன் மூவரும் நலமாயிருக்கப் பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் துணை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஒரு செய்தி. நான் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறேன். சிரிக்காதே. ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது என்பார்கள், நான் ஆடி மூன்றாம் தேதி தொடங்கினேன். செவ்வாயும் வியாழனும் டவுன் பஸ் ஏறிக் காரைக்குடி. என்னோடு படிப்பதெல்லாம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள். "ஆச்சி, மவுசை அப்படி அமுக்காதீங்க, அது ஓடிப்போகாது" என்கிறார்கள். டைப் அடிக்கிறது, படம் வரைகிறது எல்லாம் எனக்கு வேண்டாம், நெட்வொர்க் என்றால் என்ன என்று மட்டும் சொல்லு என்று அந்த டீச்சர் பெண்ணிடம் கேட்டேன். பதினெட்டு வருஷமாக நீ செய்கிற வேலை. யார் கேட்டாலும் "கம்ப்யூட்டரில் இருக்கிறான்" என்று சொல்லியே நானும் உன்னைப் பெற்ற அப்பச்சியும் காலத்தை ஓட்டிவிட்டோம். அவர்கள் போய் நாலு வருஷமாகிறது. நானாவது தெரிந்துகொள்கிறேன்.

உனக்கே பாடம் எடுக்கிறாள் என்று நினைக்காதே. தப்பாக எழுதியிருந்தால் திருத்தி அனுப்பு. அதற்காகவாவது எழுது.

முதல் நாள் ஒரு கதை சொன்னாள். 1969 அக்டோபர் 29, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு ஆர்ப்பாநெட்டில், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான நெட்வொர்க்காம் அது, முதல் செய்தி. "லாகின்" என்று அடிக்கப் பார்த்தார்களாம். எல், ஓ என்று ரெண்டு எழுத்துப் போனதுமே அந்தப் பக்கத்து மெஷின் படுத்துவிட்டதாம். ரெண்டு எழுத்து வந்ததையே இன்னும் கொண்டாடுகிறார்கள். சரி, அதை விடு.

அப்புறம் வீட்டு வைஃபை சமாச்சாரம். முகப்பில் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்களே, சிக்னல் வளவு முற்றத்தைத் தாண்டவே இல்லை. அடுப்படியில் போனை வைத்தால் சுத்தமாகப் போய்விடும். பெட்டியில்தான் கோளாறு என்று ஒரு வருஷம் திட்டிக்கொண்டிருந்தேன். பெட்டி பாவம். அதில் ரெண்டு விதமான அலை, 5 கிகாஹெர்ட்ஸ் வேகமாக ஓடும், சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். 2.4 கொஞ்சம் உள்ளே போகும். ஆனால் நம் சுவர் ஐயா காலத்துக்கும் முந்தியது, முழங்கைக் கனம், நடுவில் தேக்குக் கதவு வேறு. அதுவும் தோற்றுவிட்டது. வகுப்புப் பையன் ஒருவன் வந்து லேன் கேபிளை வளவுத் தூண்கள் ஓரமாக இழுத்து, இரண்டாம் கட்டில் இன்னொரு ரவுட்டர் பெட்டி வைத்தான். அந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்குமாம். இழுக்க இழுக்க முடியவில்லை, "ஆச்சி, இது வீடா தெருவா" என்றான். இப்போது அடுப்படியில் நாலு கட்டமும் நிறைந்து நிற்கிறது. யார் கூப்பிடப் போகிறார்கள் என்று தெரியவில்லை, சிக்னல் இருக்கிறது.

முகவரிப் பாடத்தில் நான்தான் முதல். பழைய கணக்கில் உலகத்துக்கே இருக்கிற ஐபி எண் 430 கோடிதான், எல்லாருக்கும் எட்டாது. அதனால் வீட்டுக்கு வெளியே ஒரே எண், உள்ளே அவரவர்க்குத் தனி எண் என்றாள். என் போன் 192.168.1.4, டிவி 192.168.1.7. இதே எண்கள் அடுத்த வீட்டிலும் இருக்கும், ஆனாலும் குழப்பம் வராது. பையன்கள் முழித்தார்கள். நான் எழுந்து சொன்னேன்: வெளியே ஒரே விலாசம், உள்ளே பதினொரு புள்ளி, புள்ளி என்றால் தனித்தனிக் குடும்பம், ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை. கடிதம் வந்தால் முகப்பில் உட்கார்ந்திருக்கிற ஐயா பார்த்து, இது இந்த அறைக்கு என்று கொடுத்தனுப்புவார்கள். "அப்ப உங்க மாமனார்தான் ரவுட்டரா ஆச்சி" என்று ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். உண்மைதானே.

அடுத்த வகுப்பில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதை அனுப்பினாலும் முழுசாகப் போகாது, துண்டு துண்டாக வெட்டித்தான் போகும், துண்டு ஒன்று 1500 பைட்டுக்குள். 3 எம்பி போட்டோ என்றால் ரெண்டாயிரம் துண்டு. எது எந்த வழியில் போகும் என்று சொல்ல முடியாது, முன்னே பின்னேயும் வரும். அதனால் ஒவ்வொன்றிலும் எண் போட்டிருக்கும். பெற்றுக்கொண்ட மெஷின் "இதுவரை வந்தது" என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அனுப்பினவன் மறுபடி அனுப்புவான். விண்ட் செர்ஃப், பாப் கான் என்று ரெண்டு பேர் 1974-ல் இதை எழுதிக் கொடுத்தார்களாம்.

ஐயா பினாங்கில் இருந்தபோது கடிதத் தலைப்பில் எண் போட்டு எழுதுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? 14 வந்து, அடுத்து 16 வந்தால், "15 கிடைக்கவில்லை" என்று அப்பத்தா எழுதச் சொல்வார்கள். ஐயாவிடம் நகல் இருக்கும், மறு கப்பலில் வரும். உனக்கும் அவர்கள்தான் பழக்கினார்கள். ஹாஸ்டலிலிருந்து நீயும் 1, 2 என்று போட்டுத்தான் எழுதினாய்.

பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று கேட்டேன். முதலில் ஒரு விநாடி என்றால் அடுத்தது ரெண்டு, அப்புறம் நாலு, எட்டு. வழியில் கூட்டம் சேர்க்கக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாகத் தள்ளிப் போடுமாம். நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். ஆனியில் தினமும் கூப்பிட்டேன். அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒரு தரம். அப்புறம் வாரம். இப்போது கூப்பிடுவதில்லை. எத்தனை தடவைக்கு அப்புறம் விட்டுவிடும் என்றும் கேட்டேன். அது அந்தந்த மெஷினில் வைத்திருக்கிற அளவு என்றாள்.

போன வாரம் பேரன் பேசினான். குரல் விட்டு விட்டு வந்தது. பேச்சு என்றால் விழுந்த துண்டைத் திரும்பக் கேட்க நேரமில்லை, விட்டுவிட்டு ஓடும், அதுவும் படித்துவிட்டேன். கிடைத்த துண்டுகளில், அவன் அப்பச்சிதான், அதாவது நீதான், தினமும் ஸ்கூல் பஸ் வரை கொண்டுவந்து விடுகிறார்கள், மதியம் வந்து கூட்டிப்போவதும் அவர்கள்தான் என்றான். நல்லதுதான். பிள்ளையோடு இருக்க யாருக்குக் கிடைக்கும்? உன்னிடம் கொடுக்கச் சொன்னதற்கு மகமிண்டி வாங்கி, "அவுக மீட்டிங்குல இருக்காக" என்றாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே.

தினமும் காலை ஐந்தரைக்கு உனக்குப் பிள்ளையார் படம் அனுப்புகிறேன் அல்லவா, ஆத்தாவும் மற்றவர்களைப் போல ஆகிவிட்டாள் என்று நினைத்திருப்பாய். அது காலை வணக்கம் இல்லை. பிங். 1983-ல் மைக் மூஸ் என்பவர் எழுதினது. "இருக்கிறாயா" என்று ஒரு சின்னத் துண்டு போகும், "இருக்கிறேன்" என்று திரும்பி வரும். சிங்கப்பூரில் உள்ள ஒரு மெஷினுக்குப் போட்டுக் காட்டச் சொன்னேன். வங்கக் கடலுக்கு அடியில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கண்ணாடி இழையில் போய், விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகுமுன் திரும்பி வந்துவிட்டது. ஐயா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி நாள் கணக்கில் போன அதே கடல்.

படத்துக்கு ரெண்டு டிக் விழுந்தால் உன் போன் உயிரோடு இருக்கிறது. நீலமாவதில்லை. அப்படி அணைத்து வைக்கலாமாம், பலர் வைத்திருக்கிறார்களாம், குற்றமில்லை. ஆடி அமாவாசையை ஒட்டி ரெண்டு நாள் ஒரே டிக். மூன்றாம் நாள் சாயங்காலம் ரெண்டாவது விழுந்தது, அப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கியது. பிங்குக்குப் பதில் சொல்வது மெஷின்தான் ஆச்சி, ஆள் இல்லை என்று அந்தப் பெண் சொன்னாள். தெரியும், எனக்கு அது போதும் என்றேன்.

போதாது, அப்பு.

இந்த வாரம் இமெயில். 1971-ல் ரே டாம்லின்சன் என்பவர் ஆள் பெயருக்கும் மெஷின் பெயருக்கும் நடுவே அட் குறியைப் போட்டு வைத்தாராம், இன்றைக்கும் அதுதான். முதல் மெயில் யாருக்கு என்றாள். உனக்குத்தான். அப்பச்சி படத்துக் கண்ணாடியில் செருகியிருக்கிற உன் ஆபீஸ் கார்டை எடுத்துப் போயிருந்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன். அனுப்பி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. என் மகன் பதில் போட்டுவிட்டான் என்று பக்கத்துப் பையனிடம் சொல்லியும்விட்டேன். திறந்தால் 550 என்று ஒரு எண். மெயில் வழி தவறவில்லையாம். உன் கம்பெனி வாசல் வரை சரியாகப் போயிருக்கிறது, இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று வாசலில் சொல்லித் திருப்பிவிட்டார்கள்.

பழைய கார்டுதானே. கம்பெனியில் முகவரி மாற்றியிருப்பார்கள். நான்கூட ஒரு எழுத்தைத் தப்பாக அடித்திருப்பேன். நான் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணும் கேட்கவில்லை, அடுத்த பையனிடம் போய்விட்டாள். வேறு முகவரி இருந்தால் எழுதி அனுப்பு, அவ்வளவுதான்.

பஸ்ஸில் வரும்போது அந்த 550-ஐயே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த மெஷினாவது உண்மையைச் சொன்னது.

உன் ஹாஸ்டல் கடிதங்களில் 6 இருக்கிறது, 8 இருக்கிறது. 7 வரவில்லை என்று உன்னிடம் சொன்னேன். தபால்காரரைக்கூடத் திட்டினேன்.

7 வந்தது அப்பு. 2001 ஐப்பசி, மழை நாள். இன்லண்ட் லெட்டர் ஓரம் நனைந்திருந்தது, முகப்பில் நின்றபடியே பிரித்தேன். நீ எழுதினது உனக்குத் தெரியும், இங்கே திருப்பி எழுத எனக்குக் கை வரவில்லை. கடைசி வரி, "வந்துவிடட்டுமா ஆத்தா". தையில் அக்கா கல்யாணம். பேசி முடித்து, சாமான் பாதி வாங்கி, அப்பச்சி வட்டிக்குப் பணம் எடுத்திருந்த நேரம். பையன் படிப்பை விட்டு வந்துவிட்டான் என்றால் அந்த வீட்டார் என்ன சொல்வார்களோ என்று பயந்தேன். நாலாக மடித்து ஓலைக் கொட்டானில் போட்டு, மேலே பட்டு ரவிக்கைத் துணியை வைத்து மூடினேன். அப்பச்சிக்குக் கடைசிவரை தெரியாது.

நாலு நாள் கழித்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து நீ கூப்பிட்டு, கடிதம் வந்ததா என்று கேட்டாய். "எந்தக் கடிதம்ப்பா" என்றேன். நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் லாரி போகிற சத்தம் கேட்டது. "ஒன்றுமில்லை ஆத்தா, நலம்னு எழுதியிருந்தேன்" என்றாய். உனக்கு மீட்டர் ஓடுதுப்பா என்று சொல்லி நானே போனை வைத்தேன்.

8-ல் நலம் என்று எழுதியிருந்தாய். 9-லும் நலம். அதற்கப்புறம் நீ எண் போடவில்லை. இத்தனை வருஷமும் நலம்தான் வந்துகொண்டிருக்கிறது.

இதைப் போனில் எழுதினால் நீலமாகாமலே கிடக்கும், அதனால் பேப்பரில். 7-ஐ இதோடு வைத்து அனுப்பலாமா என்று எடுத்தேன். வேண்டாம், அது ஒருமுறை வந்து சேர்ந்துவிட்டது, மறுபடி தபாலில் போக வேண்டாம். பதிலை மட்டும் இப்போது அனுப்புகிறேன்.

7 கிடைத்தது. வா.

திருச்சியில் இறங்கினால் ரெண்டு மணி நேரம். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பின்கட்டுச் சாவி பழைய இடத்தில்தான் இருக்கிறது.

ஆத்தா