சமையல்காரர் மேல் விழுந்த பழி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம் என்று மில்லுக்காரர் சொன்னார். மஞ்சள் விலை பற்றி நீ கேட்டதற்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இப்போது மனசில் வேறொன்று ஓடுகிறது.

ஆடிப்பெருக்குக்கு நம் ஊர்ப் பள்ளியில் தீரன் சின்னமலை நாடகம் போட்டார்கள். சின்னமலையின் சமையல்காரர் நல்லப்பன் வேஷம் கட்டிய பையன் வாயைத் திறப்பதற்குள் கூட்டம் ஊளையிட்டது. பையன் முகம் செத்துப்போயிற்று. அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்புதான்.

நமக்குச் சொல்லித் தந்ததுதான் கதை. 1801-ல் காவிரிக்கரை, 1802-ல் ஓடாநிலை, 1804-ல் அரச்சலூர் என்று கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை விரட்டியவர் சின்னமலை. சண்டையில் பிடிக்க முடியாதவரைச் சமையல்காரர் காட்டிக்கொடுத்தார். 1805 ஜூலை 31-ல் சங்ககிரிக் கோட்டையில் தம்பிகளோடு தூக்கிலிட்டார்கள். தூக்கு நடந்தது சரி. நல்லப்பன் பங்குதான் எனக்கு நெருடுகிறது.

ஓடாநிலையை விட்டபின் சின்னமலை பழனிப் பக்கம் கருமலையில் மறைந்திருந்தார் அல்லவா? மலையில் இருந்தாலும் சோறு பொங்கத்தானே வேண்டும். அரிசிக்கும் உப்புக்கும் யாராவது கீழே இறங்கியாக வேண்டும். புது ஆள் ஒருவர் சந்தையில் நாலைந்து பேருக்கான அரிசி வாங்கி, மூட்டையோடு மலையேறினால் ஒற்றன் கண்ணில் படாதா? சத்தமில்லாமல் பின்னால் போனாலே போதும். அப்படி நடந்திருந்தால் அவர் துரோகி இல்லை, ஏமாந்தவர். காசு வாங்கியும் இருக்கலாம், மறுக்கவில்லை. பெண்டுபிள்ளைகளைப் பிடித்து வைத்து மிரட்டியும் இருக்கலாம். அவர் வாயால் ஒரு வார்த்தை, கதையில்கூட நாம் கேட்டதில்லையே!

சின்னமலையின் ஆள் வேலப்பனை நினைத்துப் பார். கம்பெனி முகாமுக்குள் இருந்தபடியே தகவல் அனுப்பினார், அந்தக் கடிதங்கள் செருப்புக்குள் இருந்து வெள்ளைக்காரன் கையில் சிக்கின என்று சொல்வார்கள். ஆக, ரகசியம் வெளியே போக வழி ஒன்றுதான் என்று இல்லை. கம்பெனிக்காரன் சமையற்கட்டை மட்டுமா நம்பியிருப்பான்?

நெருப்பில்லாமல் புகையாது என்பாய். சரி, நம் பண்ணையத்தில் அம்மிச்சியின் காசுமாலை காணாமல் போனபோது முதலில் வேலைக்காரம்மாவின் டிரங்குப் பெட்டியைத்தானே கவிழ்த்தார்கள்? நீயும் திண்ணையில் நின்று பார்த்தாய். அந்தம்மா அழுதுகொண்டே துணிகளைப் பொறுக்கியதை என்னால் மறக்க முடியவில்லை. வீட்டுக்குள் நடமாடுகிறவர், ஏழை, எதிர்த்துப் பேசமாட்டார் என்பதாலேயே கை அங்கே நீள்கிறது. நல்லப்பனுக்கும் இதுதான் நடந்ததோ என்று தோன்றுகிறது. குற்றவாளியாகவே இருந்தாலும், ஆதாரத்தோடு அவரைக் குற்றவாளி என்று சொல்ல வேண்டாமா?

உன் பெரியப்பாவுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் சம்பந்தம் உண்டே. அங்கே பெரியவர்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேள். சின்னமலை பிடிபட்டபின் நல்லப்பன் என்ன ஆனார், கம்பெனி ஏதாவது கொடுத்ததா, அவர் குடும்பம் எங்கே போயிற்று, இதையெல்லாம் விடாமல் விசாரி. வழக்கம்போல் இரண்டு வரியில் முடித்து அனுப்பினால் தீபாவளிக்கு உன் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொள்வேன்.

அன்புடன்,
உன் மச்சான்