இடக் கழுத்துக்கு இடக்கையைப் பழக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் கழுத்துச் சிரை வழியாக இதயத்துக்கு அருகே வரை போடப்படும் 'சென்ட்ரல் லைன்' என்ற குழாயைப் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். வலக் கழுத்தில் போடுவதே வழக்கம் என்று சொல்லி அத்தோடு முடித்துவிட்டார்கள். வலக் கழுத்து கிடைக்காதவருக்கு என்ன செய்வது என்று ஒரு வரியும் இல்லை. ஈரோடு, கோவைப் பக்கத்து மருத்துவமனைகளில் மயக்கவியல் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவள் நான்; இடக்கைப் பழக்கம் உள்ளவளும்கூட. அந்த விடுபட்ட வரியை எழுத வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்.

வலப்பக்கத்தை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கழுத்துச் சிரை ஏறக்குறைய நேராக இறங்கி, இதயத்துக்குப் போகும் பெருஞ்சிரையில் சேர்கிறது. இடையிலுள்ள இணைப்புச் சிரையின் நீளம் சுமார் 2.5 செ.மீ.தான். இடப்பக்கத்தில் அது ஏறத்தாழ 6 செ.மீ.; மார்பின் குறுக்கே சாய்வாகப் போய், காலிங்கராயன் வாய்க்காலைப் போல வளைந்துதான் சேருமிடத்தை அடையும். நிணநீர்ப் பெருங்குழாய் சிரையில் வந்து கலப்பதும் இடப்பக்கத்தில்தான்; ஊசி அதில் பட்டுவிடலாம். ஆனாலும் அது போகக்கூடாத வழி அல்ல. 1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், தன் இடது முழங்கை மடிப்புச் சிரை வழியாக, இதே இடப்பக்கப் பாதையில், தன் இதயத்துக்கே குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். 1956இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இடப்பக்கம் யாருக்குத் தேவைப்படுகிறது? முதலில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு. அவர்களுடைய வலக் கழுத்தில் பெரும்பாலும் டயாலிசிஸ் குழாய் இருக்கும், அல்லது முன்பு போட்ட குழாய்களால் அந்தச் சிரை அடைபட்டிருக்கும். சத்தியமங்கலம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம், "அம்மிணி, வலப்பக்கத்தை எல்லோரும் குத்தித் தீர்த்துவிட்டார்கள். இந்தப் பக்கமாவது ஒரே குத்தில் முடியுமா?" என்று கேட்டார். சேலம்–கோவை நெடுஞ்சாலை விபத்தில் இட மார்பில் அடிபட்டு, அங்கே ஏற்கெனவே காற்று வடியக் குழாய் போட்டிருப்பவருக்கும் அதே பக்கம்தான் நல்லது. நல்ல நுரையீரல் உள்ள பக்கத்தில் ஊசியைச் செலுத்தி அதையும் ஓட்டையாக்கினால் அவர் மூச்சுக்கு என்ன செய்வார்?

இனி கைக்கு வருகிறேன். நோயாளியின் தலைமாட்டில் நின்று வலக் கழுத்தைப் பாருங்கள். கரோட்டிட் தமனி நடுக்கழுத்தை ஒட்டியும், சிரை அதற்கு வெளிப்புறமும் இருக்கும். இடக்கை விரல்களால் தமனியின் துடிப்பைத் தொட்டுக்கொண்டு வலக்கையால் ஊசியைச் செலுத்தலாம். கைகள் இரண்டும் அதனதன் பக்கத்தில் இருக்கின்றன. இடக் கழுத்துக்கு வந்தால், துடிப்பு உங்கள் வலப்புறமும் சிரை இடப்புறமுமாக மாறிவிடுகிறது. பழகிய முறையையே பிடித்துக்கொண்டால் கைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழும். ஊசியின் சாய்வு கெடும். முனை தமனிப் பக்கம் திரும்பும். கைகளை மாற்றிக்கொள்வதுதான் வழி. வலக்கை விரல்கள் துடிப்பின்மேல் இருக்க, ஊசி இடக்கையில் இருக்க வேண்டும். இரத்தம் வந்ததும் இடக்கையை நோயாளியின் உடல்மேல் ஊன்றி, ஊசியை அசையாமல் பிடித்தால் போதும். சிரிஞ்சைக் கழற்றிக் கம்பியை உள்ளே விடும் நுணுக்கமான வேலையை வலக்கை பார்த்துக்கொள்ளும். ஊசி வழியாகக் கம்பியை விட்டு, அதன்மேல் குழாயைச் செலுத்தும் இந்த முறையை 1953இல் ஸ்வீடன் மருத்துவர் செல்டிங்கர் காட்டினார். இதில் ஊசி ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும் நொடியில்தான் முனை சிரையை விட்டு நழுவுகிறது. அந்த மாற்றமே இங்கே தேவைப்படாது.

அல்ட்ராசவுண்ட் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று இளம் மருத்துவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கருவி அவசியம். எல்லா அரசு மருத்துவமனைகளிலும் அது இருக்க வேண்டும். ஆனால் அது சிரையைக் காட்டும், ஊசியைப் பிடிக்காது. இடக் கழுத்துக்குத் திரையை நோயாளியின் இடுப்புக்கு இடப்புறம் வைத்தால் கண், கை, ஊசி, திரை எல்லாம் ஒரே நேர்கோட்டில் வரும். குழாய்க்கு வழியை அகலப்படுத்தும் டைலேட்டரைத் தோலிலிருந்து சிரை வரை மட்டும் செலுத்துங்கள். அந்த விறைப்பான குழாய் வளைவை எட்டினால் சிரையையே கிழித்துவிடும். குழாயின் நீளமும் வலப்பக்கத்தைவிட மூன்று நான்கு செ.மீ. கூடுதலாக வேண்டும். குறைவாக விட்டால் அதன் நுனி பெருஞ்சிரையின் சுவரில் முட்டிக்கொண்டு நின்று, நாளடைவில் அதை அரித்துவிடும்.

இடக்கை வராது என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மூச்சுக்குழாயில் குழாய் போடும்போது தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பை மயக்கவியல் மருத்துவர் ஒவ்வொருவரும் இடக்கையில்தான் பிடிக்கிறோம். அதற்குப் பழகிய கை ஊசிக்கும் பழகும். நான் மேற்படிப்பில் சேர்ந்தபோது மூத்தவர் ஒருவர், வலக்கையால் செய்ய முடியாவிட்டால் ஊசியைத் தொடாதே என்றார். பேராசிரியர் குறுக்கிட்டு, இடக் கழுத்துகளை இவளிடம் கொடுங்கள் என்றார். வலக் கழுத்துக்கு நான் என் வலக்கையைப் பழக்கிக்கொண்டேன். எனக்கு வலக்கை வந்தபோது மற்றவர்களுக்கு இடக்கை ஏன் வராது? இடக்கைப் பழக்கமுள்ள மாணவர்களைத் திட்டிக் கையை மாற்றச் சொல்வதை ஆசிரியர்கள் இனியாவது நிறுத்த வேண்டும்.

கோவை, பெருந்துறை, கரூர் கல்லூரிகளோடு 2022இல் திருப்பூரிலும் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்திருப்பது நம் பகுதிக்குப் பெரிய பலம். நான் பார்த்த பயிற்சிப் பொம்மைகளில் பெரும்பாலும் வலக் கழுத்து மட்டுமே இருக்கிறது. புதிதாக வாங்கும்போது இருபுறமும் உள்ளதை வாங்குங்கள். மாணவர் நோயாளியைத் தொடும் முன் இரண்டு கைகளாலும் அதில் செய்து காட்டட்டும்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் சேர்த்துச் செய்யும் இணைப்பு) இருந்தாலோ, இனிமேல் செய்யப்போவதாக இருந்தாலோ, எந்தக் கை என்பதை அவசரப் பிரிவில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பெரும்பாலோருக்கு அது இடக்கையாகவே இருக்கும். அதே பக்கத்துக் காறையெலும்பின் கீழுள்ள சிரையில் குழாய் போட்டால் அந்தச் சிரை பின்னர் சுருங்கி, ஃபிஸ்டுலாவையே பயனற்றதாக்கிவிடலாம். அங்கே வேண்டாம், கழுத்தில் போடுங்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மயக்கவியல் மருத்துவர்,
கோபிசெட்டிபாளையம்.