கோலாலம்பூருக்கு வரப்போற என் தம்பிக்கு, ரகர் (ரக்பி) பத்தி

தம்பி,

வேலை கிடைச்சிருச்சுன்னு சொன்ன அதே ஃபோன்லயே "மலேசியா வந்தா ரகர் போயிரும்ணே, அங்க ஃபுட்பாலும் பேட்மிண்டனும்தானே"ன்னு நீ வருத்தப்பட்டது எனக்கு ராத்திரி பூரா மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. அதான் இதை எல்லாருக்கும் தெரியுற மாதிரி எழுதுறேன், கண்டியில இருந்தும் கொழும்புல இருந்தும் வர்ற மத்த பசங்களும் படிக்கட்டும்.

போகாதுடா. நாட்டுக்கு நாடு மோதுற டெஸ்ட் மேட்ச் பாக்க இதவிட வசதியான ஊர் கம்மின்னுதான் சொல்வேன். நியூசிலாந்துல ராத்திரி 7.05க்கு கிக்-ஆஃப்னா இங்க மத்தியானம் 3.05, சனிக்கிழமை சோறு சாப்பிட்டுட்டு கால நீட்டி உக்காரலாம். தென்னாப்பிரிக்காவுல சாயங்காலம் 5.05ன்னா இங்க ராத்திரி 11.05. ஐரோப்பாவுல ஆறு நாடு ஆடுற சிக்ஸ் நேஷன்ஸ் போட்டியில முதல் மேட்ச் லண்டன் நேரம் 2.15ன்னா நமக்கு 10.15. பிரான்ஸ்ல ராத்திரி ஒன்பது மணிக்கு வைக்கிறதுதான் கொடுமை, பிப்ரவரில அது நமக்கு விடியக்காலம் நாலு.

அந்த மாதிரி நேரத்துக்குன்னே மாமாக் கடை இருக்கு, ராத்திரி பூரா திறந்திருக்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. 2023 ரகர் உலகக் கோப்பை ஃபைனல், நியூசிலாந்தும் தென்னாப்பிரிக்காவும், இங்க ஞாயித்துக்கிழமை விடியக்காலம் மூணு மணிக்கு. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு கடையில பெரிய டிவியில ஃபுட்பால் ரிப்பீட் ஓடுது, ஓரத்துல இருந்த சின்ன டிவிய மாத்தித் தர முடியுமான்னு கேட்டேன், ராமநாதபுரத்துப் பையன் ஒருத்தன் மாத்திக் குடுத்துட்டு ஆத்துன பால் டீ, தே தாரேய கையில வச்சுக்கிட்டே நின்னு "ஏண்ணே, முன்னாடி ஓடுறான், பந்த பின்னாடியே போடுறான்?"ன்னு கேக்குறான். சொல்லிக் குடுத்தேன். அதுக்குள்ள நியூசிலாந்து கேப்டன் சாம் கேனுக்கு மஞ்சள் கார்டு, அது அப்புறம் சிவப்பாவே மாறுச்சு, ஆம்பளைங்க உலகக் கோப்பை ஃபைனல்ல அதுதான் முதல் சிவப்பு. பதினாலு பேர வச்சுக்கிட்டு நம்ம ஆல் பிளாக்ஸ், அதான் நியூசிலாந்து டீம், என்னா ஆட்டம்! பியூடன் பாரெட் ட்ரை போட்டு (எதிராளி கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்த தரையில வைக்கிறது) ஒரே பாயிண்ட் பின்னாடி, 12-11 ஆச்சு, கடைசில ஜோர்டி பாரெட் தூரத்துல இருந்து அடிச்ச பெனல்டி வெளிய போனப்ப அந்தப் பையன் "அய்யய்யோ"ன்னு தலையில கை வச்சான்டா, ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி அவனுக்கு ரகர்னா என்னன்னே தெரியாது. அந்தப் பக்கம் பீட்டர்-ஸ்டெஃப் டு டோய் 28 டாக்கிள் (பந்தோட ஓடுறவன மடக்கிச் சாய்க்கிறது), நீ தென்னாப்பிரிக்கா கட்சிக்காரன், உனக்கு நான் சொல்லணுமா. குவார்ட்டர் 29-28, செமி 16-15, ஃபைனல் 12-11, மூணுமே ஒரே பாயிண்ட்ல, இப்படி ஜெயிக்கிறதுக்கு நெஞ்சழுத்தம் வேணும், அத நான் மனசாரச் சொல்றேன். ஆனா 1995ல நியூசிலாந்தோட லோமு இங்கிலாந்து மேல நாலு ட்ரை போட்டத கண்டியில சின்னப்பயலா பாத்தவன் நான், கட்சி மாற மாட்டேன்.

இன்னொண்ணு, டிவியோட நின்னுராத. இங்க ரகர் இல்லன்னு நினைக்கிறது ரொம்பத் தப்பு. எச்.எம்.எஸ். மலாயான்னு ஒரு போர்க்கப்பல், அதோட ஆபீசர்ங்க குடுத்த கோப்பைக்கு 1920கள்லயே மாநிலத்துக்கு மாநிலம் மோத ஆரம்பிச்சிட்டாங்க, நம்ம ஊர்ல ராயல் காலேஜும் டிரினிட்டி காலேஜும் மோதுற பிராட்பி ஷீல்டே 1945லதான் வந்துச்சு. பத்துப் பேர் ஆடுற டென்ஸ் ஆட்டம் பொறந்ததே இந்த நாட்டுலதான், 1967ல பெட்டாலிங் ஜெயா கோப்ரா கிளப் ஆரம்பிச்சு வச்சது. கோலா கங்சார் மலாய் காலேஜ் மாதிரி ஹாஸ்டல் ஸ்கூலுங்கதான் இங்க ஆட்டத்தத் தாங்குது, அதுவும் கண்டி மாதிரியே ராஜா ஊரு. திடல்ல நம்ம ஆளுங்க முகம் கம்மியாத்தான் தெரியும், அதுக்காக ஒதுங்கி நிக்காத, கண்டி நித்தவெல மைதானத்துல ஆடுன பயன்னு சொல்லு, ஸ்க்ரம்ல (ரெண்டு பக்கமும் தோளோட தோள் முட்டித் தள்ளுறது) தோள் குடுக்க ஆள் வந்தா எந்த ஊர்க்காரனும் வேணாம்னு சொல்ல மாட்டான். கொஞ்சம் மலாய் மட்டும் சீக்கிரம் கத்துக்க.

அப்புறம் முக்கியமான விஷயம். 2027 உலகக் கோப்பை ஆஸ்திரேலியாவுல, 24 டீம், அக்டோபர் 1 பெர்த்ல ஆரம்பம், நவம்பர் 13 சிட்னில ஃபைனல். பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம், இங்க இருந்து ஃபிளைட்டு அஞ்சரை மணி நேரம்தான். வெளிநாட்டுக்கு வந்ததால நாம நேர்ல போயி ஸ்டேடியத்துல உக்காந்து பாக்கப் போறோம்டா, கண்டியில இருந்தப்ப இதெல்லாம் நினைச்சாவது பாத்தோமா. நான் இப்பவே மாசாமாசம் கொஞ்சம் ஒதுக்க ஆரம்பிச்சிட்டேன், நீயும் முதல் சம்பளத்துல இருந்தே ஒதுக்கு. கிளம்புறதுக்கு முன்னாடி உன் பாஸ்போர்ட்ட எடுத்து தேதி பாரு, 2028 நடுவுல வரைக்காவது செல்லணும், இல்லன்னா அங்கயே புதுசு எடுத்துட்டு வா.

அண்ணன்