சான் டியாகோவிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, மாமா, அம்மா, பாப்பா எல்லாரும் நலமா? வேலூரில் கத்திரி வெயில் கொளுத்துகிறது என்று அம்மா போனில் சொன்னாள். இங்கே தலைகீழ், மே மாதத்தில் கடலிலிருந்து மேகம் ஏறி வந்து மதியம் வரை ஊரை மூடிக்கொள்கிறது, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறேன். மெக்சிகோ எல்லை பக்கம்தான் என்பதால் மாங்காய்க் கீற்றில் மிளகாய்த்தூள் தூவி, எலுமிச்சை பிழிந்து விற்கிறார்கள், அது ஒன்று போதும். பிரியாணி கிடைக்கிறது, கூடவே கத்திரிக்காய் தர மாட்டேன் என்கிறார்கள், அதை எப்படி பிரியாணி என்பது!

மாமா இன்னும் என்னை ஐடி வேலை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாராம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மருந்துக்கு என்னதான் செய்கிறாய் என்று நீயும் கேட்டாயே, உனக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

உடம்பிலும் கிருமியிலும் வேலைகளைச் செய்கிற மூலக்கூறுதான் புரோட்டீன், பல மருந்துகள் அதில் போய் ஒட்டித்தான் வேலை செய்யும். அதை எக்ஸ்ரே மூலம் பார்த்தால் கிடைப்பது அசையாத ஒரு படம். கல்யாண ஆல்பத்தில் அப்பா விறைப்பாக நிற்பாரே, அதை வைத்து அவர் எப்படி நடப்பார் என்று சொல்ல முடியுமா? உடம்புக்குள் புரோட்டீன் நெளிந்துகொண்டும் திறந்து மூடிக்கொண்டும் இருக்கும். அந்த அசைவைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு ஓட்டிப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. 1977-ல் ஹார்வர்டில் மெக்கேமன், கெலின், கார்ப்ளஸ் என்ற மூன்று பேர் 58 அமினோ அமிலக் கண்ணிகள் கோத்த குட்டிப் புரோட்டீன் ஒன்றை முதன்முதலாக இப்படி ஓட்டிப் பார்த்தார்கள். எவ்வளவு நேரத்துக்கு? 9.2 பிக்கோ நொடி! ஒரு நொடியை லட்சம் கோடியாக நறுக்கினால் ஒரு துண்டு ஒரு பிக்கோ நொடி. கார்ப்ளஸுக்கு 2013-ல் வேறு இருவரோடு சேர்த்து நோபல் கொடுத்தார்கள். இப்போது பசங்க கேம் ஆடுகிற அதே கிராபிக்ஸ் கார்டில் மைக்ரோ நொடிக் கணக்கில் ஓட்டுகிறோம், ஒரு மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதற்கே ஐம்பது கோடி தடவை ஒவ்வொரு அணுவையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தவேண்டும். வடிவம் சரியா என்று பார்க்க நம்ம மெட்ராஸ் விஞ்ஞானி ஜி.என். ராமச்சந்திரன் 1963-ல் போட்ட, புரோட்டீன் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் முறுங்கலாம் என்று காட்டும் வரைபடத்தைத்தான் இங்கேயும் விரிக்கிறார்கள், அதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் திமிர் வரும்.

சரி, இதனால் யாருக்கு என்ன? மெக்கேமன் பிறகு இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டார். எச்ஐவி கிருமி தன் மரபுப் பொருளை நம் செல்லின் மரபுப் பொருளோடு ஒட்டவைக்க இன்டெக்ரேஸ் என்ற புரோட்டீனைப் பயன்படுத்தும். அதை அவர் குழு ஓட்டிப் பார்த்தபோது எக்ஸ்ரே படத்தில் தெரியாத, மருந்து போய் உட்காரக்கூடிய ஒரு பள்ளம் அவ்வப்போது திறந்ததை 2004-ல் எழுதினார்கள். 2007-ல் இன்டெக்ரேஸைத் தடுக்கும் முதல் மருந்தான ரால்டெக்ராவிருக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதைச் செய்த மெர்க் கம்பெனிக்காரர்கள் அதற்கு முன்பே பல வருஷம் சோதனைச்சாலையில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவர்கள், எல்லாப் பெருமையையும் கம்ப்யூட்டருக்கு எழுதிவைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆனால் அசைவைப் பார்க்காமல் மருந்து தேடக்கூடாது என்று ஒரு துறையையே நம்பவைத்தது பெரிய விஷயம்.

அப்புறம் ஒன்று. எச்ஐவி உள்ளவர்களுக்கு மருந்து தருகிற ஏஆர்டி சென்டரில் நீ எடுத்துக் கொடுக்கிற டோலுடெக்ராவிர் மாத்திரை இருக்கிறதே, அதுவும் இந்த இன்டெக்ரேஸைத் தடுக்கிற வகைதான், பெயரின் வாலைப் பார். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றைக் கண்டுபிடித்ததும் நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி லேபில்தான். இங்கே மதியச் சாப்பாட்டில் இதைச் சொன்னேன், காட்பாடி எங்கே இருக்கிறது என்று மேப்பில் தேடினார்கள்!

உன்னிடம் ஒரு உதவி. மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு வருகிறவர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள் என்று, பெயர் எதுவும் இல்லாமல், எனக்கு எழுது. இங்கே யாருக்கும் அது தெரியாது. மாமாவிடம் நான் இன்னும் எந்த மருந்தும் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லிவிடு, சொந்தக்காரர்களிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பார். பார்சல் போட்டால் சீயக்காயும் அம்மா செய்த பருப்புப் பொடியும் போதும், ஊறுகாய் வேண்டாம், போன தடவை பெட்டி முழுக்க எண்ணெய்.

உன் அன்புத் தங்கை